27 ஆண்டு செனட் அனுபவம் இருந்தும் 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் கிறிஸ் டாட் ஏன் எடுபடவில்லை?

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் ஒபாமா, ஹிலாரி, எட்வர்ட்ஸ் மூவருமே பணத்தையும் ஊடகக் கவனத்தையும் அள்ளிக்கொண்டார்கள். அப்போது செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த டாட், குடும்பத்தையே முதல் வாக்கெடுப்பு நடக்கவிருந்த அயோவா மாநிலத்துக்குக் குடிமாற்றி, மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். ஆனால் அயோவா வாக்கெடுப்புக் கூட்டங்களில் பெரும்பாலும் 15% ஆதரவு இல்லாத வேட்பாளரின் ஆட்கள் வேறு அணிக்குப் போய்விடலாம் என்பது அப்போதைய விதி. சிறிய வேட்பாளர்களை அந்த விதி துடைத்துவிட்டது. 2008 ஜனவரி 3 இரவே டாட் விலகினார். பைடனும் அன்றுதான் விலகினார்.

ஆனாலும் டாட் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அயோவா வாக்கெடுப்புக்குச் சில வாரங்களே இருக்கும்போது பிரசாரத்தை விட்டு வாஷிங்டன் போனார். அரசின் ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்கிலிருந்து காப்பாற்றும் மசோதாவை எதிர்த்து மணிக்கணக்காகப் பேசினார். அப்போதைக்கு அது தள்ளிவைக்கப்பட்டது.