தோற்ற பாட்டுக்கு எத்தனையாவது இடம்?

குளச்சல் வாசகர்: லெட் செப்பலின் இசைக்குழுவின் 16 பாடல்களைச் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்து, நண்பர்கள் நாக் அவுட் முறையில் ஓட்டுப் போட்டோம். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ வென்றது. எனக்குப் பிடித்த ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ முதல் சுற்றிலேயே அதனிடம் மாட்டி வெளியேறிவிட்டது. இறுதிச் சுற்றில் தோற்ற பாட்டுக்கு இரண்டாம் இடமாம். நியாயமா?

இல்லை. முதல் இடத்துக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டாம் இடத்துக்காகத் தாராளமாகப் போகலாம். நம் கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் பழக்கம்தான். பலமான இரண்டு அணிகள் குலுக்கலில் முதல் நாளே மோதிவிடும். கடைசி நாளில் ஐந்து கோல் வாங்கிய அணி இரண்டாம் பரிசுக் கோப்பையோடு வேனில் ஏறும்.

ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் கணித ஆசிரியரும்கூட. டென்னிஸ் போட்டிகளைப் பற்றி 1883-இல் அவர் எழுதிய புகாரும் இதுவே. உங்கள் குலுக்கலில் 16 பாட்டும் எட்டெட்டாக இரண்டு பாதி; இரண்டு பாதியும் சந்திப்பது இறுதிச் சுற்றில்தான். வென்ற பாட்டு ஒரு பாதியில் இருக்கிறது. மீதி 15 இடங்களில் எதிர்ப் பாதியில் உள்ளவை 8. உண்மையான இரண்டாவது பாட்டு இறுதிச் சுற்றுவரை வர 15-க்கு 8 வாய்ப்புதான். ஏறக்குறைய காசு சுண்டுவதுபோல.

வென்ற பாட்டிடம் நேரடியாகத் தோற்றவை நான்கு. ரசனை சீராக இருந்தால் இரண்டாவது அவற்றுக்குள்தான் இருக்கும். அந்த நான்குக்கும் இடையே மொத்தம் மூன்று ஓட்டெடுப்பு நடத்தினால் போதும். பதினாறையும் ஒவ்வொன்றோடும் மோதவிட ஆசைப்பட்டால் 120 ஓட்டெடுப்பு வேண்டும். அதற்குள் நட்பு மிஞ்சாது.

என் ஓட்டு உங்கள் பாட்டுக்கு. அதுவும் ‘ஸ்டேர்வே டு ஹெவ’னும் 1971-இல் வந்த ஒரே ஆல்பத்தில் இருப்பவை. உங்கள் பாட்டுக்காகக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் பழைய கட்டடம் ஒன்றின் கூடத்தில் வைத்து, மைக்கை மாடிப்படிக்கு மேலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் வீடே பதில் சொல்கிறது. மார்த்தாண்டத்தில் நான் பதிந்து வாங்கிய 60 நிமிட கேசட்டில் அதுதான் கடைசிப் பாட்டு. டேப் தீர்ந்து, கடைசி ஒரு நிமிடம் பதியவில்லை. பாட்டே அப்படித்தான் அறுந்து முடிகிறது என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். இன்றும் முழுதாகக் கேட்டால் வால் நீண்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

தக்கலை வாசகர்: ஆங்கில வரிகள் புரியாதவர்கள் இப்படி ஓட்டுப் போடலாமா?

நான் போட்டிருக்கிறேனே! ‘லெவி’ என்றால் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டும் ஆற்றங்கரை என்பதே எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரியும். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929-இல் பதிவான பழைய பாட்டை லெட் செப்பலின் தம் பாணிக்கு மாற்றிக்கொண்டது. 2021 நவம்பர் மழையில் குளத்துக் கரை உடைந்து வயலுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தை இரவில் கேட்டேன். பிறகு ஒரு மாதம் அந்தப் பாட்டைப் போடவில்லை.