டேக்வாண்டோ (உதைகளை அதிகம் பயன்படுத்தும் கொரியத் தற்காப்புக் கலை) கற்றால் தெருச் சண்டையில் தற்காத்துக்கொள்ள முடியுமா?
ஓரளவுக்கு முடியும். ஆனால் எந்த மாதிரி பயிற்சி என்பதைப் பொறுத்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டியாக இருக்கும் டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. தலைக்கு உதைத்தால் அதிகப் புள்ளி. அதனால் போட்டிக்கு மட்டுமே பழகியவர்கள் பலர் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே நிற்பார்கள். வெளியே தாக்குபவன் முதலில் குறிவைப்பதே முகத்தைத்தான்! சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டால், எவ்வளவு உயரம் உதைக்க வந்தாலும் பயனில்லை.

சரி, அப்படியானால் வீணா? இல்லை. வேகம், இடைவெளியைக் கணிப்பது, அடிபட்டாலும் பதறாமல் இருப்பது எல்லாம் நிஜமான பலன்கள். தெருவில் உதைப்பதென்றால் தொடைக்குக் கீழே உதையுங்கள். கூடவே கொஞ்சம் ஜூடோவோ குத்துச்சண்டையோ பழகுங்கள். எதிரே கத்தி இருந்தால் ஓடிவிடுங்கள்.