நாய்க்கடிக் காயம் காய்ந்துவிட்டால் மீதி ஊசிகள் தேவையா?

கேள்வி: ஐந்து நாள் முன்பு அம்மாவைத் தெருநாய் கடித்தது. கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்தது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு தவணை முடிந்தது, காயமும் காய்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மீதி ஊசிகளும் அவசியமா?

பதில்: கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றே செய்யுங்கள். அம்மாவின் ஓ.பி. சீட்டை எடுத்து, கடிவாயிலேயே இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே முடக்கும் எதிர்ப்பு மருந்து) போட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் வரக் கடித்தால் அது மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகத் தீவிரமான வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்பாற்றல் உருவாக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை வெறிநோய் (ரேபிஸ்) வைரஸ் நரம்பில் ஏறாமல் காயத்திலேயே அதை முடக்குவது இந்த மருந்துதான். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் மட்டுமே இதைப் போடுவார்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. குறிப்பு இல்லையென்றால் இன்றே சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே மருந்து இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே அழைத்துப் போங்கள். எடைக்கு ஏற்ற அளவில் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். வலிக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

டி.டி. ஊசி போட்டதையே நாய்க்கடி ஊசி என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது டெட்டனஸுக்கானது, வெறிநோயைத் தடுக்காது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நாங்கள் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டு மேல்கைகளிலும் 0.1 மில்லி வீதம் போடுகிறோம். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள். அதற்கு 14ஆம் நாளும் உண்டு. 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. தோலுக்குள் மருந்து இறங்கும்போது அந்த இடம் சிறு கொப்புளமாக எழும்பி, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். எழும்பவில்லையென்றால் அங்கேயே கேளுங்கள். பக்கத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

பலர் 28ஆம் நாள் வருவதே இல்லை. போன் செய்தால், "புண் ஆறிவிட்டது சிஸ்டர், நாயும் நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். புண் ஆறுவதற்கும் வெறிநோய்க்கும் சம்பந்தமே இல்லை. கிருமி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை, சிலருக்கு அதைவிட நீண்ட காலம் ஓசையின்றி இருக்கும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது நல்லதுதான். ஆனால் தெருவில் நிற்பது அதே நாய்தானா என்று யார் உறுதி சொல்வது? தோலுக்குள் போடும் முறையில், நாய் நன்றாக இருந்தாலும் எல்லாத் தவணைகளையும் முடித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாளே போய்த் தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

சர்க்கரை இருப்பதால் காயத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே சீழ் வைப்பதுண்டு. வீக்கம், சூடு, சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை முழுதும் சாப்பிடட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். பத்தியமும் தேவையில்லை, மீன், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம்.

தவணைத் தேதிகள் எழுதிய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுத் தவணை முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.