சூடானால் படுக்கும் ஆர்எக்ஸ்: போர் அடிக்கும் முன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. தோட்டப் பாதைக்காக, டர்ட் பைக் மாதிரி மாற்றிய பழைய யமஹா ஆர்எக்ஸ் 135 பைக் ஒன்றைக் கேரளப் பக்கம் ஒரு புரோக்கர் மூலம் வாங்கினேன். காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, நன்றாகவும் போகிறது. கம்பம்மெட்டு ஏற்றத்தில் பாதி தாண்டியதும் இழுவை சுத்தமாக இல்லை. பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் போகிறது. போர் அடித்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இப்போதைக்கு இன்ஜினைத் திறக்கவே விடாதீர்கள்.

போர் தேய்ந்த வண்டி காலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கிக்கர் பிடிப்பே இல்லாமல் இறங்கும். நாலைந்து உதை வாங்கித்தான் ஸ்டார்ட் ஆகும். ஏற்றம் வரும் முன்பே, சின்னமனூர் ரோட்டுச் சமதளத்திலேயே இழுவை குறைவாக இருக்கும். பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினால் தேய்ந்த இரும்பு வளர்ந்துவிடாது. உங்கள் வண்டி ஒரே கிக்கில் எழுகிறது, சூடானால் படுக்கிறது, ஆறினால் திரும்ப எழுகிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஏற்றத்தில், வண்டி படுக்கிற அந்த இடத்தில்தான் பிடிக்க முடியும். பட்டறை வாசலில் ஆறிப்போய் நிற்கிற வண்டியைப் பார்த்துச் சொல்கிற எதையும் நம்பாதீர்கள்.

இழுவை விழும்போது முதலில் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது, அவ்வளவுதான். இன்ஜின் சத்தமே அடங்கிப்போனால் தொடர்ந்து படியுங்கள்.

வண்டியை ஓரம் கட்டியதும், வேறு எதையும் தொடாமல், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கலாம். மூடியைத் திரும்பப் போட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து எடுத்துப் பாருங்கள். பழைய இழுவை வந்துவிட்டதென்றால் வியாதி அந்த மூடியில்தான். பெட்ரோல் கீழே இறங்கவேண்டுமானால் மேலே அதே அளவு காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று உண்டு. தோட்டத்துச் சேறும் தூசியும் அதை அடைத்துவிடும். சமதளத்தில் கால்வாசி ஆக்ஸிலேட்டரில் போகும்போது இது தெரியாது. ஏற்றத்தில் முழுசாக முறுக்கினால் கார்புரேட்டர் காய்ந்துவிடும். ஒரு மெல்லிய கம்பியும் கொஞ்சம் பெட்ரோலும் போதும், சரியாகிவிடும். அப்படியே பெட்ரோல் டேப்பில் உள்ள வலையையும் கழுவிவிடுங்கள்.

மூடியைத் திறந்தும் பலனில்லை, கால் மணி நேரம் ஆறினால்தான் போகிறது என்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். பிளக்கில் பொறி வரவைக்கிற எச்டி காயிலோ பல்சர் காயிலோ சூட்டில் தளர்ந்து, ஆறியதும் வேலை செய்யும். மூடியை இறுக்கிவிட்டு, கையோடு கொண்டுபோன புது பிளக்கை மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து உதைத்துப் பாருங்கள். பொறி நீலமாக, படக்கென்று வரவேண்டும். மஞ்சளாக இழுத்தால் காயில்தான் குறை. கூடவே பின்சக்கர டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. பாவம், இன்ஜின் மேல் பழி விழுகிறது.

இன்னொன்று கொஞ்சம் பயப்பட வேண்டியது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் உயரத்திலேயே நிற்கிறதா? பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக இருக்கிறதா? அப்படியானால் மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் வழியாகவோ கார்புரேட்டர் ரப்பர் வழியாகவோ காற்று ஏறுகிறது. அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். அது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்து நிற்பதில்தான் முடியும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். செலவில்லாத சோதனை. ஆனால் இதைச் செய்கிற பட்டறையை நீங்கள் தேடித்தான் போகவேண்டும், நம் ஊர்களில் அதுதான் நிலைமை.

"மலை ஏறினால் பவர் குறையத்தானே செய்யும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் அளவோடு உண்மை. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கம்பத்திலிருந்து நீங்கள் ஏறுவது அவ்வளவு கூட இல்லை. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பில் வண்டி நிற்காது, ஒரு கியர் குறைத்தால் போகும். அதோடு, உயரத்தால் வரும் குறை பத்து நிமிட ஓய்வில் சரியாகாது. மேலே இருக்கிற வரைக்கும் இருக்கும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மேலே புகையும் மந்தமும் தெரிகிறது என்று கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. மேலேயே தங்கி, மேலேயே ஓட்டுகிறவருக்கு அது சரி. நீங்கள் மாலையில் கம்பத்துக்கு இறங்குகிறீர்கள். அதே ஜெட்டோடு கீழே வந்து முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும், பிஸ்டன் பிடிக்கும். இறக்கத்திலும் ஆக்ஸிலேட்டரை மொத்தமாக மூடிக்கொண்டு கியரில் இழுத்தபடி வராதீர்கள். உங்கள் வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகும், ஆக்ஸிலேட்டர் மூடினால் அதுவும் குறைந்துவிடும். நடுநடுவே லேசாக முறுக்கி விடுங்கள்.

இனி போர் விஷயம். ஆர்எக்ஸ் 135-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 58 மில்லிமீட்டர். அதை 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாகத்தான் பெரிதாக்க முடியும். ஒவ்வொரு படியும் போனது போனதுதான். உங்கள் வண்டி ஏற்கெனவே எந்தப் படியில் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் எண் பதித்திருக்கும், அதைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய திருட்டு ஒன்று நடக்கிறது. "லேத்துக்கு அனுப்புகிறேன்" என்று உங்கள் ஒரிஜினல் பேரலை, அதாவது சிலிண்டரை, கழற்றிக்கொண்டு போய், திரும்பி வரும்போது வேறு பேரலை மாட்டிவிடுவார்கள். ஒரிஜினல் பேரலுக்கு இன்று இருக்கிற விலைக்கு இது நல்ல வியாபாரம். என்னிடம் வந்த ஒரு பையனின் வண்டியில் பேரலும் போய், கார்புரேட்டரும் போய், சைலன்சர் உள்குழாயும் போயிருந்தது. கையில் இருந்தது எட்டாயிரம் ரூபாய் பில் மட்டும். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணே, இன்னும் இழுக்கலையே?" அவன் முகத்தை நான் மறக்கவில்லை. பேரல் வார்ப்பில் உள்ள எழுத்துகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேரலை லேத்துக்கு நீங்களே எடுத்துப் போங்கள். பழைய பிஸ்டனைத் திரும்ப வாங்குங்கள்.

பெட்ரோல் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஏலமலைப் பனியில் பாதி டேங்கோடு நீண்ட நாள் நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பழைய ரப்பர்களையும் அது ஊதவைக்கும். இந்த வண்டிகள் செய்த காலத்தில் யாரும் இதை நினைக்கவில்லை. சாதாரண பங்கில் வேறு பெட்ரோல் கேட்கவும் வழியில்லை. பழைய வண்டிக்காரன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்பதில்லை. நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

பெட்ரோலோடு கலக்கிற டூ டி ஆயிலை அதிகமாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை மெலிகிறது. ஆயில் பம்ப் கழற்றிய வண்டியென்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி, அளந்து ஊற்றுங்கள்.

ஆர்சி இன்னும் கேரளத்தின் கேஎல் எண்ணிலேயே இருக்குமானால், அந்தப் புரோக்கரைப் பிடித்து என்ஓசிக்கான (தடையில்லாச் சான்றுக்கான) படிவம் 28-ஐ இப்போதே கேளுங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவு வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாநில அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பது நீங்கள்தான், அவர் இல்லை.

அடுத்த முறை வண்டி படுக்கும்போது மூடியைத் திறந்து, எத்தனை நிமிடத்தில் இழுவை திரும்பியது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். பிளக் முனையின் போட்டோவும் வேண்டும், ஆனால் ஏற்றத்திலேயே இன்ஜினை அணைத்துக் கழற்றியதாக இருக்கவேண்டும்.