'வாழைநார்ப் பட்டு' வாழைநார்தானா?

கேள்வி: தக்களியில் பருத்தி நூற்றுப் பழகிய நான், புதிதாக ஏதேனும் நூற்கலாம் என்று, 'வாழைநார்ப் பட்டு, 100 சதவீதம் இயற்கை' என்ற விளம்பரத்தை நம்பி, ஓர் இணையக் கடையில் 100 கிராம் பஞ்சை 650 ரூபாய்க்கு வாங்கினேன். வெள்ளைவெளேரென்று வழவழப்பாக இருக்கிறது. கொளுத்திப் பார்த்தால் காகிதம் எரிந்த வாசனை வருகிறது. இது அசல்தானா? பொட்டலத்தைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று கடைக்காரர் மறுக்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாங்கள் வாங்கியது பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயானாகவே இருக்கும். தாவரக் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டை சல்பைடிலும் கரைத்து, நுண்துளைகளின் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி இழையாக்குவதே விஸ்கோஸ். கூழ் வாழையிலிருந்து வந்ததா, வேறு மரத்திலிருந்து வந்ததா என்பது இழையைப் பார்த்தால் தெரியாது. வாழைநாருக்கே உரிய குணம் எதுவும் அதில் மிஞ்சுவதில்லை.

எரித்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாகும். பட்டு, கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். விஸ்கோஸ், வாழைநார் இரண்டுமே காகிதத்தைப் போலச் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளால் ஆனவை என்பதால் இரண்டிலும் காகித வாசனைதான் வரும்.

தண்ணீர்ச் சோதனை செய்து பாருங்கள். சில இழைகளைச் சேர்த்து முறுக்கி, உலர்ந்த நிலையில் இழுத்துப் பாருங்கள். பிறகு பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து மீண்டும் இழுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் ஏறத்தாழ பாதி வலிமையை இழந்து சட்டென்று அறுந்துவிடும். வாழைநாரோ நனைந்தாலும் தளராது. பூக்கட்டுபவர்கள் நாரை நனைத்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள் என்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். வாழைப் பட்டையைச் சுரண்டி எடுக்கும் அசல் நார் வைக்கோல் நிறத்தில், விறைப்பாக, கை நீளத்துக்கு இருக்கும். பதப்படுத்தி மென்மையாக்கியதும் உண்டு என்றாலும், அதில் பட்டின் வழவழப்பை எதிர்பார்க்க இயலாது. ஜப்பானின் ஒகினாவாவில், கிஜோகா என்ற ஊரில், வாழையின் உறவான ஒரு மரத்து நாரை முனைக்கு முனை முடிச்சிட்டே நீண்ட நூலாக்கி நெய்கிறார்கள். அசல் நாரில் நூற்க விரும்பினால், தக்களியின் வேகத்தைக் குறைத்து, விரலை ஈரமாக்கிக்கொண்டு நூற்பது நல்லது.

விஸ்கோஸ் நூற்பதற்கு மோசமான பொருளன்று. பருத்தியோடு கலந்தால் அழகான பளபளப்பு வரும். குற்றம் பெயரில்தான் இருக்கிறது. ரேயானை 'மூங்கில்' என்று சொல்லி விற்ற விவகாரத்தில், அமெரிக்காவின் கோல்ஸ், வால்மார்ட் நிறுவனங்கள் 2022-இல் மொத்தம் 55 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

பொட்டலத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்ற வாதம் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். 'இது பட்டையிலிருந்து எடுத்த நாரா, விஸ்கோஸா?' என்று எழுத்துமூலம் கேளுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். தங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வரும்வரை மிச்சப் பஞ்சை நூற்றுவிடாதீர்கள்.