பொடுகு, டை, வறண்ட நுனி, உப்புத் தண்ணீர்: இத்தனைக்கும் ஒரே ஷாம்பூவா?

மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. தலைக்குக் குளித்த மறுநாளே எண்ணெய் வடிகிறது, அரிக்கிறது, பொடுகு உதிர்கிறது. முன்பக்கம் நரைத்துவிட்டதால் மாதம் ஒரு தடவை டை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாணத்துக்காக ஸ்மூத்னிங் (ரசாயனம் போட்டு முடியை நேராக்குவது) செய்த முடி இப்போது தோளுக்குக் கீழே தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். பார்லரில் சல்ஃபேட் (நுரைத்து அழுக்கெடுக்கும் பொருள்) இல்லாத ஷாம்பூதான் போட வேண்டும் என்கிறார்கள், மருந்துக்கடையில் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்து ஷாம்பூ எடுத்துக் கொடுத்தார்கள், மாமியாரோ தலை காய்ந்துபோனதால்தான் பொடுகு வருகிறது, ராத்திரி எண்ணெய் வைத்துப் படு என்கிறார். “ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது என்கிறார்கள் மேடம், ஒரே ஒரு ஷாம்பூ பேர் சொல்லுங்கள், அதையே வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்டிருக்கிறார்.

ஒரு பேர் சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால் கடையில் நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். மருந்துக்கடைக்காரர் பார்த்தது தலைத்தோலை. பார்லர் பெண் பார்த்தது முடியை. மாமியார் பார்த்ததும் முடியின் வறட்சியைத்தான், ஆனால் அதற்கான வைத்தியத்தைத் தோலில் போய் வைக்கச் சொல்கிறார். தலைத்தோல் முகத்துத் தோல் மாதிரி உயிருள்ளது, எண்ணெய் சுரக்கும், வேர்க்கும், நோய் வரும், மருந்து போட்டால் ஆறும். முடி அப்படியில்லை. வேரை விட்டு வெளியே வந்த முடி உயிரில்லாத நார், அது தானாக ஆறாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் உங்களுக்கு 24 சென்டிமீட்டர் புது முடி வந்திருக்கிறது, ஸ்மூத்னிங் செய்த முடி அதற்குக் கீழேதான் தொடங்கும். அதனால்தான் தோள் வரைக்கும் ஒரு மாதிரியும் அதற்குக் கீழே வேறு மாதிரியும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பாட்டிலால் திருப்திப்படுத்தப் பார்ப்பதில்தான் குழப்பமே வருகிறது. ஷாம்பூவைத் தலைத்தோலைப் பார்த்து வாங்குங்கள். கீழே கிடக்கும் முடிக்கு வேண்டியதைக் கண்டிஷனரும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும்.

ஷாம்பூவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அரிப்பு எப்போது அதிகமாகிறது? டை அடித்து ஒன்றிரண்டு நாளில் அரிப்பு ஏறி, காது மடல், நெற்றி ஓரம், பின்கழுத்து எல்லாம் சிவந்து தடித்தால், நீர் கோத்தால், அது பொடுகு இல்லை, டை ஒவ்வாமை. கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் பிபிடி என்கிற பாராஃபினைலின்டையமின் இருக்கிறது, வருடக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் ஒவ்வாமையாக மாறும். பத்து வருடமாக இதே டைதானே என்று சொல்லித்தான் முகம் வீங்கி வருகிறார்கள். சீக்கிரம் கறுக்கும் ‘கருப்பு மருதாணி’ பாக்கெட்டிலும் பெரும்பாலும் இதுவேதான் இருக்கிறது, மருதாணி என்ற பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வாமை என்றால் எந்த ஷாம்பூவாலும் தீராது, டையை நிறுத்த வேண்டும்.

அப்படி இல்லை, மாதம் முழுக்க ஒரே மாதிரி அரிப்பும் பிசுக்கான செதிலும் என்றால் பொடுகுதான். நம் எல்லார் தலையிலும் இருக்கிற மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்வது, சிலருக்கு அதோடு தோல் ஒத்துப்போகாமல் செதில் செதிலாக உரிகிறது. ஆக, பொடுகு வறட்சியால் வருகிறது என்பது உங்கள் விஷயத்தில் நேர்மாறு. இதற்குக் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ நல்ல மருந்து, மருந்துக்கடையில் கொடுத்தது சரிதான். வாரம் இரண்டு தடவை, நான்கு வாரம். அடங்கினபிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடங்கிவிட்டதே என்று ஒரேயடியாக விட்டால் திரும்ப வரும், ஏனென்றால் பூஞ்சை அங்கேயேதான் இருக்கிறது. செலினியம் சல்ஃபைடு உள்ள ஷாம்பூவும் பொடுகுக்குக் கேட்கும், ஆனால் டை அடித்த முடியின் நிறத்தை மாற்றிவிடும், உங்களுக்கு அது வேண்டாம். இன்னொன்று, பாட்டிலில் குளோபெட்டசால் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட இரண்டு நாளில் அரிப்பு நின்று அற்புதம் மாதிரி இருக்கும், ஆனால் அதை மருத்துவர் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

மருந்து ஷாம்பூ வேலையே செய்யவில்லை என்று சொல்கிறவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் போட்ட கையோடு கழுவியிருப்பார்கள். சொல்கிறபடி செய்து பாருங்கள். தலையை நன்றாக நனைத்து, விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, ஷாம்பூவைத் தோலில் மட்டும் வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுக்கொள்ளுங்கள். முடி முழுவதையும் அள்ளி உச்சியில் குவித்துக் கசக்காதீர்கள், சிக்கும் உடைவதும் அதில்தான் அதிகம். தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினால் வழிந்து இறங்குகிற நுரையே நுனியைச் சுத்தம் செய்ய தாராளமாகப் போதும். அப்புறம் கண்டிஷனர், காதுக்குக் கீழிருந்து நுனி வரைக்கும், தோலில் படாமல், இரண்டு நிமிடம். மருந்து ஷாம்பூ முடியைச் சொரசொரப்பாக்குகிறது என்ற புகார் இப்படிப் போட்டால் பெருமளவு குறைந்துவிடும்.

வாரத்தில் மூன்றாவது தடவை தலைக்குக் குளிப்பதென்றால் (உங்களுக்கு வடிகிற எண்ணெய்க்கு மூன்று தடவை தப்பே இல்லை) சாதாரண மென்மையான ஷாம்பூ. பார்லர் பெண் சொன்னது இந்த இடத்தில் பொருந்தும். ஆனால் சல்ஃபேட் இல்லை என்று முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓலிஃபின் சல்ஃபொனேட் என்று முன்வரிசையில் இருந்தால் அதில் சல்ஃபேட் இல்லைதான், ஆனாலும் நன்றாகவே உரித்து எடுக்கும். சோடியம் லாரில் சல்ஃபேட் கடுமை, சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட மென்மை, கொக்கமிடோபுரொபைல் பீட்டெய்ன், கோக்கோயில் ஐசெதியனேட், குளுக்கோசைடு என்று பேர் வந்தால் இன்னும் மென்மை. பாட்டிலில் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும்) அளவு போட்டிருந்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே நல்லது. குளியல் சோப்பு 9, 10 வரைக்கும் போகும், அதனால் அவசரத்துக்குக் கூட சோப்பைத் தலையில் போடாதீர்கள், டை அடித்த முடிக்கு அது ரொம்பவே கெடுதல். டை சீக்கிரம் வெளுக்கிறது என்று ஷாம்பூவை மட்டும் குறை சொல்கிறோம், வெறும் தண்ணீரே நிறத்தைக் கரைத்துக்கொண்டு போகும். பெரிய பாட்டில் வாங்குவதற்கு முன்னால் சாஷேயில் கிடைத்தால் நாலைந்து வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன், நம் குமரி மாவட்டத்தில் இதைத் தவிர்த்துவிட்டுத் தலைமுடி பேசவே முடியாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் வெளிச்செண்ணெய் என்று சொல்லுகிற தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வாளர்களே செய்தது என்றாலும், 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் மேலோடு நிற்க, தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. ஆக மாமியார் சொன்ன பொருள் சரி. ஆனால் ராத்திரி முழுக்கத் தலைத்தோலில் ஊறவைத்தால் மலசீசியாவுக்கு நாமே சாப்பாடு போட்ட மாதிரி, அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் அதற்குப் பிடித்த உணவு. தலைக்குக் குளிக்க அரை மணி நேரம் முன்னால், காதுக்குக் கீழே, ஸ்மூத்னிங் செய்த பகுதிக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தடவிப் பின்னிப் போட்டுக்கொள்ளுங்கள். வேருக்கு வேண்டாம். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்காதீர்கள், எண்ணெயை விடவில்லை, வைக்கிற இடத்தைத்தான் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள், அவருக்கும் வருத்தம் இருக்காது. கஞ்சித் தண்ணீரும் செம்பருத்தி இலையும் அப்படித்தான், நுனிக்குப் போட்டு நன்றாக அலசினால் வழவழப்பு வரும், பொடுகு அடங்கும் வரைக்கும் தோலில் தேய்க்க வேண்டாம்.

தண்ணீர். கடற்கரை ஊர்க் கிணற்றில் கரிப்பது உப்பு, அதோடு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருந்தால் முடியில் படிந்து முடியை விறைக்க வைக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பல பேர் விறகைச் செலவழிக்கிறார்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், உப்பு அப்படியே இருக்கும். குளிக்கிற தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று மக் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்து வையுங்கள். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கூரையை முதல் மழை கழுவிவிட்ட பிறகு ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் போதும். ஷாம்பூவில் ஈடிடிஏ என்று பின்பக்கம் எழுதியிருந்தால் அது இந்த உலோகப் படிவைப் பிடித்துக்கொள்கிற பொருள், உங்கள் தண்ணீருக்கு உதவும்.

மழைக்காலத்தில் முடி காயாது, அவசரத்தில் ஈரத்தோடு இறுக்கிக் கட்டி ஹெல்மெட் போட்டுக் கிளம்பிவிடுகிறோம். நனைந்த முடி இழுத்தால் நீளும், சட்டென்று அறுந்தும் போகும், அதிலும் ஸ்மூத்னிங் செய்த முடி. முடிந்தால் தலைக்குக் குளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தலைக்குக் குளிக்கிற நாளில் கொத்தாக முடி வருகிறதே என்று பயந்து குளிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் நடப்பது, மூன்று நாள் விட்டால் மூன்று நாள் முடியும் சேர்ந்து வரும். ஆனால் வட்டமாகச் சொட்டை விழுந்தால், வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றியைத் தாண்டி இறங்கினால், நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அரிப்பு அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. உதிர்வு மாதக்கணக்கில் நிற்காமல் போனால் ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள், அதை ஷாம்பூவால் சரிசெய்ய முடியாது.

டை இந்த நான்கு வாரமும் வேண்டாம், சொறிந்து புண்ணான தோலில் படக்கூடாது. அதன்பிறகும் ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு, வளர்ந்து வந்த வெள்ளை வேருக்கு மட்டும் அடியுங்கள், நுனி வரைக்கும் இழுக்காதீர்கள். மறுபடி ஸ்மூத்னிங் செய்தால் நுனி சரியாகுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஏற்கனவே வெந்த முடியை இன்னொரு தடவை வேகவைப்பதுதான் அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் நுனியை வெட்டிவிடுங்கள். வளர்கிற அளவுக்கே வெட்டுவதால் நீளம் குறையாது, கீழே இருக்கிற பழைய நார் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும்.