மாநகரத்துப் பள்ளிக்கூடம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம்,

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. நாங்குநேரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் இருந்தேன். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் கலந்தாய்வில் கேட்டு, போன வருஷம் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தேன். அங்கே ஒரு பிள்ளை வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பினால் போதும், அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போவாள். இங்கே ஒரு வகுப்பில் ஐம்பதுக்கு மேல். ஒரு வாரமாக வராத பையனுடைய வீடு யாருக்கும் தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஆறேழு பேர் வந்தால் பெரிசு. 'நீங்க யாரு கேக்கதுக்கு' என்று எட்டாம் வகுப்புப் பையன் முகத்துக்கு நேரே கேட்கிறான், கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு வேறு. ஊர்ப் பிள்ளைகளிடம் இருந்த மரியாதை இவர்களிடம் இல்லை. வருகிற மே மாதம் மாறுதல் கேட்டுத் திரும்பிப் போய்விடலாமா? நீங்கள் இதே ஊரில் வாத்தியாராக இருந்தவர், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் எழுதியதில் மரியாதை இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்குநேரிப் பக்கத்துப் பையன் உங்களைக் கண்டதும் எழுந்து நின்றானே, அதில் பாதிதான் உங்களுக்கு. மீதி அவன் தாத்தாவுக்கும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரியப்பாவுக்கும். சாயந்திரத்துக்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே இன்னார் பேரன் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. அட்வான்ஸ் கட்ட முடியாமல் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கிற குடும்பம், டவுனில் ஒன்றாம் வகுப்பு, பேட்டையில் நாலாம் வகுப்பு, மேலப்பாளையத்தில் ஏழாம் வகுப்பு என்று படித்து உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிற பையன். 'நீங்க யாரு' என்று அவன் கேட்டது திமிரில் இருக்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் அவன் வீட்டு வாசலில் போய் நின்று.

வீட்டுக்குப் போங்கள் டீச்சர். ஐம்பது வீட்டுக்கும் போக முடியாது, தெரியும். 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, உங்கள் வகுப்பில் அது நடக்கவில்லை, அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அடிக்கடி வராத பிள்ளைகள் வீட்டுக்கு மட்டும் போங்கள். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் அம்மாமார் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடிக் கடையில் அன்றைய கணக்கை ஒப்படைத்தால்தான் காசு. வேலை நாளில் மத்தியானம் 3 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று நாம் சொல்வது அநியாயம். நேரத்தை மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தத் தெருவிலேயே ஒரு திண்ணையில் கூட்டத்தை நடத்துங்கள். தட்டோடு வந்து உட்காருவார்கள், கை பாட்டுக்கு வேலை செய்யும், காது உங்களிடம் இருக்கும்.

போகும்போது பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, 1 முதல் 4 வகுப்புக்கு வருஷம் 1,000 ரூபாயில் தொடங்கி தொழிற்படிப்புக்கு 25,000 வரை. ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதாலேயே பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை நீங்கள் உட்கார்ந்து பதிந்து கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்குத் தெருவே வரும்.

அப்புறம் பசி. இதை யாரும் பேசக் காணோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரைதான். தங்கச்சி தொடக்கப் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறாள், அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உங்கள் பள்ளிக்கு வருகிற ஆறாம் வகுப்பு அண்ணன் மத்தியானச் சத்துணவு வரைக்கும் வெறும் வயிற்றோடு இருக்கிறான். இரண்டாவது பீரியடில் தலையைச் சாய்க்கிறவனைத் திட்டுவதற்கு முன்னால், சாப்பிட்டியாடே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எழுத்தில் வையுங்கள். எட்டு வரைக்கும் நீட்டச் சொல்லி எல்லாப் பள்ளியிலிருந்தும் தீர்மானம் போகட்டும்.

கயிற்று விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். மாநகரம் என்பதால் இங்கே சாதி கிடையாது என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பத்து ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி ஒரே வகுப்புக்கு வருகிறார்கள், பத்து ஊர்ப் பகையும் அதே பஸ்ஸில் வருகிறது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடுக்கச் சொன்னதோடு, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் சொல்லியிருக்கிறது. உட்கார வைப்பது உங்கள் கையில் இருக்கிறது, நாளைக்கே செய்யலாம். கயிற்றை மட்டும் எல்லார் முன்னாலும் அறுத்துவிடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, அதைக் கட்டிவிட்டது யார், ஏன் என்று பேசுங்கள். பெரும்பாலும் வெளியே ஒரு பெரிய ஆள் இருப்பான், பையனுக்கு அவனை விட்டு விலகவும் பயம்.

இவ்வளவு பாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நீங்கள் அறிவியல் டீச்சர், கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, நாங்குநேரியிலிருந்து வேன் பிடித்து வரவேண்டிய இடம், இங்கே டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே அதற்குள் கால் வைக்காத பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறைய இருப்பார்கள். கூட்டிக்கொண்டு போங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு ஆள் பிடியுங்கள், தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஒரு பீடிக் குடும்பத்தில் பெண்பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்க அது போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக என் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீட்டோடு வரிசையில் நிற்கும்போது 'சார்' என்று ஓடி வருகிறவர்களில் அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. அவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டே வயசாவது இந்த ஊர் வாத்தியாருக்குக் கிடைக்கிற பெரிய சொத்து என்று நான் நம்புகிறேன்.

மே மாதம் மாறுதல் எழுதிக் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு ஒரு வாரமாக வராத அந்தப் பையனுடைய எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிற எண்ணை, எடுத்துப் பாருங்கள். வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். உங்கள் பள்ளிக் கணக்கிலேயே இருந்தால் எங்கேயோ வேலைக்குப் போகிறவனாக இருக்கலாம், ஒர்க்‌ஷாப்போ பரோட்டாக் கடையோ, விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம். கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.